உயிர்ச்சுவடு

மிகப் பழைய காலத்து உயிர்கள் பாறையிலும் மண்ணிலும் விட்டுச்சென்ற அடையாளத்தை ஆங்கிலத்தில் 'பொசில்' என்பார்கள். அதை இலங்கையில் நம் பாடப்புத்தகங்கள் உயிர்ச்சுவடு என்கின்றன. தமிழ்நாட்டில் புதைபடிவம், தொல்லுயிர் எச்சம் என்று எழுதுகிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து இணையத்தில் தேடிப் படிக்கும் பிள்ளைகள் மூன்றையும் மாறிமாறிப் பார்த்து, மூன்றும் வேறு வேறு என்று எண்ணிவிடுகிறார்கள். பொருள் ஒன்றுதான். ஆனால் மூன்று சொற்களும் அதற்கு ஒரே அளவில் பொருந்துவதில்லை.

பொசில் இலத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'ஃபொடெரே' என்றால் தோண்டுதல், 'ஃபொசிலிஸ்' என்றால் தோண்டி எடுத்தது. அந்த வேரில் உயிரும் இல்லை, பழமையும் இல்லை. 1546இல் அக்ரிகோலா என்ற ஜேர்மனிய அறிஞர் இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து எழுதிய நூல் பெரும்பாலும் கனிமங்களையும் உப்புகளையும் மணிக்கற்களையும் பற்றியது. 1666இல் நீல்ஸ் ஸ்டீனோ என்ற டென்மார்க்கு அறிஞர் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தார். 'நாக்குக் கல்' என்று ஐரோப்பியர் சொல்லிவந்தவை சுறாப் பற்களே என்று வாதிட்டார். அதன் பின்னரும் மெல்ல மெல்லத்தான் சொல்லின் பொருள் சுருங்கி, பழைய உயிர்களின் அடையாளத்தை மட்டும் குறிக்கலாயிற்று.

நம்மவர் இவற்றை வேறு பெயர்களில் முன்பே அறிந்திருந்தார்கள். பூசையில் வைக்கும் சாளக்கிராமங்களில் சுருள் தெரிபவை, நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அமோனைற் என்ற கடல் உயிரின் உயிர்ச்சுவடுகள். தமிழ்நாட்டுத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் அடிமரங்களைச் சனங்கள் கல்மரம் என்கிறார்கள். அழகான சொல், ஆனால் மரத்துக்கு மட்டும்தான் ஆகும்.

சரி, பொதுவாக எதைச் சொல்வது? புதைபடிவம், புதைந்து படிந்ததைச் சொல்கிறது. பிசினுக்குள் சிக்கி அப்படியே இருக்கும் பூச்சியை 'படிவம்' என்பது எனக்கு ஒட்டவில்லை. எச்சம் என்றால் மிஞ்சியது. எலும்புக்கும் பல்லுக்கும் அது சரி. ஆனால் ஒரு விலங்கு சேற்றில் நடந்த தடமும், புழு துளைத்த வளையும் பொசில்தான். அங்கே உடலில் எதுவும் மிஞ்சவில்லையே. சுவடு இவை எல்லாவற்றையும் தாங்குகிறது. மட்டக்களப்பின் படுவான்கரையில் காலையில் வயலுக்குப் போகிறவர், ஈரமண்ணில் பதிந்த அடியைப் பார்த்தே எத்தனை யானை வந்தது, குட்டி இருந்ததா, எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவார். யானை அங்கே இல்லை, அது வந்துபோன சான்று மட்டும் இருக்கிறது. தொல்லுயிர் ஆய்வாளர் செய்வதும் அதுவே.

உயிரின் தொடக்கத்தைத் தேடிப் போகும்போது இந்தச் சொல்லின் பெறுமதி இன்னும் கூடுகிறது. பூமிக்கு ஏறக்குறைய 454 கோடி வயது. உயிருக்கு மிகப் பழைய நல்ல சான்றுகளில் ஒன்று மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், சுமார் 348 கோடி ஆண்டுப் பாறைகளில் இருக்கிறது. அங்கே எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. நுண்ணுயிர்கள் பாய்போலப் படர்ந்து, மேலே மண் படியப் படிய மீண்டும் வளர்ந்து உண்டாக்கிய அடுக்குகள்தான். ஸ்ட்ரோமற்றோலைட் என்பது அவற்றின் பெயர். இதை எச்சம் என்பதைவிட உயிர்ச்சுவடு என்பதே உண்மைக்கு நெருக்கம்.

ஒரு தடை உண்டு. எல்லாமே சுவடு என்றால், காலடி, வளை போன்றவற்றுக்குத் தனிப்பெயர் வேண்டுமே. தடச்சுவடு என்று சொல்லலாம் என்பது என் கருத்து. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர். நம் கிழக்குக் கரையில் இருந்து இப்படி ஒரு சொல்லை முன்வைக்கத் தயங்க வேண்டியதில்லை.

இனி வயது. 'காபன் முறையில் டைனோசரின் வயதைக் கண்டார்கள்' என்று பலர் எழுதுகிறார்கள். அது நடவாது. காபன்-14 வளிமண்டலத்தில் நைதரசனிலிருந்து உண்டாகி, தாவரம் வழியாக எல்லா உயிருக்குள்ளும் போகிறது. உயிர் போனதும் வரவு நின்று, 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். ஏறக்குறைய 50,000 ஆண்டுக்கு மேல் அளக்கத்தக்க அளவு மிஞ்சாது. களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் பழைய மனிதர் வாழ்ந்த 48,000 ஆண்டுக் காலம் அந்த எல்லையை ஒட்டியது. டைனோசர்களோ, பறவைகள் நீங்கலாக, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுக்கு முன்பே முடிந்துபோனவை.

அவ்வளவு பழையவற்றில் பெரும்பாலும் சுவட்டை நேரே அளப்பதில்லை. அதற்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் படைகளைத் தேடுகிறார்கள். அந்தச் சாம்பலில் உள்ள சிர்க்கன் என்ற கனிமத்தின் சிறு மணிகள் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே எடுக்கும், ஈயத்தை அநேகமாக எடுக்காது. யுரேனியத்தின் ஒரு வகையான யுரேனியம்-238இல் பாதி ஈயமாக மாற ஏறக்குறைய 447 கோடி ஆண்டு எடுக்கும். மணிக்குள் இன்று எவ்வளவு யுரேனியம் மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டால் வயது தெரியும். கீழ்ப்படை மூத்தது, மேல்படை இளையது என்பது ஸ்டீனோ 1669இல் வகுத்த விதி. ஆகவே இரண்டு சாம்பல் படைகளுக்கு நடுவே கிடந்த சுவட்டின் காலம் அந்த இரண்டு வயதுகளுக்கு இடையில் வரும்.

'தாந்தாமலைப் பாறையில் உயிர்ச்சுவடு இருக்குமா?' என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பாறை பழையதென்றால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவர்களின் நினைப்பு. மட்டக்களப்பும் அம்பாறையும் விஜயன் தொகுதி என்ற பாறைகளின்மேல் இருக்கின்றன. அவற்றில் பல, ஏறக்குறைய 100 கோடி ஆண்டுக்கு முன் பாறைக்குழம்பு இறுகி உண்டானவை. பிற்பாடு நிலத்தின் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறின. அப்படிப்பட்ட கல்லில் ஓடோ இலையோ தப்பியிருக்காது. சிர்க்கன் மணிகள் தப்பும், அதனால்தான் அந்தப் பாறைகளின் வயதைச் சொல்ல முடிகிறது. உயிர்ச்சுவட்டைக் கண்ணால் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு, மண்ணும் மணலும் போன்றவை படிந்து இறுகிய அடையற் பாறை வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில், டைனோசர்கள் முடிந்து வெகுகாலத்துக்குப் பிந்திய மயோசீன் காலத்துச் சிப்பிகள் உண்டு. புத்தளம் மாவட்டத்துத் தப்போவையில், டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்து இலைச் சுவடுகள் உண்டு.