மின்னல் தாக்கியவரைத் தொடலாம், தொடத்தான் வேண்டும்

கல்லூரி வளாக மருத்துவ மையத்தில் வேலை பார்க்கிறேன். புயல், மழை என்றால் எனக்குக் காய்ச்சலும் சளியும் பெரிய விஷயமில்லை. எரிச்சலூட்டுவது வேறு. அண்மையில் மைதானத்து ஓரம் மரத்தடியில் நின்ற ஒரு மாணவரை மின்னல் தாக்கியது. சுற்றிலும் அவருடைய விடுதித் தோழர்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை. "உடம்பில் கரண்ட் இருக்கும், தொட்டால் நமக்கும் அடிக்கும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் எட்டியே நின்றுவிட்டார்கள். காவலாளி ஓடிவந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கியதால் பிழைத்தார். இதே பேச்சை எத்தனை முறைதான் கேட்பது?

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. ஒரு நொடிகூடத் தங்காது. பாய்ந்தது, தரையில் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு தொட வேண்டும், குச்சியால் தள்ளிப் பார்க்க வேண்டும், மண்ணில் புதைத்துக் கரண்டை இறக்க வேண்டும் என்பதெல்லாம் வெறும் கதை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். வீட்டு ஒயரில் ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டவரைத் தொடக் கூடாது என்பது உண்மை. அங்கே மின்சாரம் இன்னும் பாய்ந்துகொண்டே இருக்கிறது, மெயினை அணைத்த பிறகுதான் தொட வேண்டும். மின்னலுக்கு மெயின் ஸ்விட்ச் கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பி, காப்பாற்றக்கூடிய ஆளைச் சாக விடுகிறோம்.

காப்பாற்றக்கூடியவர் என்று சும்மா சொல்லவில்லை. மின்னல் தாக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். இறப்பவர்கள் பெரும்பாலும் இதயம் நின்று இறப்பவர்கள். நின்ற இதயம் பல நேரம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கும், மூச்சு மட்டும் திரும்பியிருக்காது. அந்த இடைவெளியில் யாரும் உதவாவிட்டால் ஆக்சிஜன் இல்லாமல் இதயம் இரண்டாம் முறை நிற்கும். அப்போது மீட்பது கடினம். அதனால் பல பேர் ஒரே நேரத்தில் விழுந்திருந்தால், முனகுபவரை விட்டுவிட்டு அசையாமல் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். மற்ற விபத்துகளில் நாங்கள் செய்வதற்கு இது நேர் எதிர். புதிதாக வரும் மருத்துவர்களுக்கே இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் இடி இடித்தால் முதலில் அவரைக் கட்டடத்துக்குள் இழுத்துக்கொண்டு வாருங்கள். ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துங்கள். பயிற்சி இருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுங்கள், மின்னல் விஷயத்தில் அது மிக முக்கியம். மரம் சாய்ந்து, தண்ணீர் தேங்கிய நாளில் ஆம்புலன்ஸ் தாமதமாகத்தான் வரும். அதுவரை அவருக்கு, அறைத்தோழரான நீங்கள்தான் மருத்துவர்.

சரி, தாக்காமல் இருக்க? இடி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். உள்ளே போங்கள். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் உள்ளேயே இருங்கள். மழை தொடங்கவில்லையே என்று வாதாடாதீர்கள், மழைக்கு 15 கி.மீ. தள்ளிக்கூட மின்னல் விழும். மரத்தடியும் கொட்டகையும் உள்ளே ஆகாது. செல்போன் மின்னலை இழுக்காது. ஆனால் வீடியோ எடுக்க உங்களை மொட்டை மாடிக்கு இழுக்கிறதே, அதுதான் பிரச்சினை. உள்ளே வந்த பிறகும் அந்த நேரத்தில் குளிக்காதீர்கள், துணி துவைக்காதீர்கள். சார்ஜரில் செருகிய போனைக் கையில் பிடிக்காதீர்கள்.

புயல் எச்சரிக்கை இருந்தால் ஜன்னலை மூடிவிட்டு விலகி இருங்கள். கண்ணாடியில் டேப் ஒட்டினால் உடையாது என்று நம்ப வேண்டாம். காற்று திடீரென்று அடங்கினால் டீ குடிக்கக் கிளம்பாதீர்கள். புயலின் கண் தலைக்கு மேல் இருக்கலாம், மறுபக்கக் காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் வரும். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். அறுந்து கிடக்கும் ஒயரிலிருந்து 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். இங்கே பயப்படுங்கள், தப்பில்லை. கரண்ட் போனால் டார்ச். மெத்தைக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துப் படிக்கும் ஆர்வம் எனக்குப் புரியவே இல்லை. ஜெனரேட்டர், கரியடுப்பு எதையும் உள்ளே ஓட்டவோ எரிக்கவோ கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூங்குபவரை எழுப்பாது.

ஒரு வேண்டுகோள். ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு உள்ளவர்கள் ஒரு வாரத்துக்கான மருந்தைக் கையில் வைத்திருங்கள். இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்று அறைத்தோழருக்குக் காட்டி வையுங்கள். ஃப்ரிட்ஜ் நின்றுபோனால் இன்சுலினைப் பதறித் தூக்கி எறியாதீர்கள், பெரும்பாலானவை கடும் வெயில் படாத அறையில் சில வாரங்கள் தாங்கும். எதற்கும் எங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், விடுதியை விட்டு நண்பன் வீட்டுக்குப் போவதென்றால் வார்டனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாத ஆளைத் தேடி யாரும் வெள்ளத்தில் இறங்க வேண்டாம்.

நெஞ்சழுத்தப் பயிற்சிக்கு ஒரு பிற்பகல் போதும். உங்கள் வளாக மருத்துவ மையத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வைக்கச் சொல்லி வார்டனை விடாமல் நச்சரியுங்கள். செமஸ்டர் முடியட்டும் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.