நட்சத்திரம் பொறித்தால் தொழுகைக்கூடம் ஆகிவிடாது

யூதத் தொழுகைக்கூடம் வடிவமைக்கச் சொன்னால், கட்டடக்கலை மாணவர்கள் மறுபடி மறுபடி அதையேதான் வரைந்து வருகிறார்கள்: முகப்பில் பெரிய ஆறுமுனை நட்சத்திரம், மேலே குவிமாடம். யூத வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழை எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

வெளித்தோற்றத்துக்கு யூத மரபு இலக்கணம் எதுவும் வகுக்கவில்லை. போலந்தில் மரத்தால் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், ஸ்பெயினின் இஸ்லாமியக் கட்டடங்களை ஒத்த மூரிஷ் பாணியில் கட்டினார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி தொழுகைக்கூடத்துக்குக் கேரளத்து ஓட்டுக்கூரை. நட்சத்திரம் யூதர்களின் பொது அடையாளமாகப் பரவியதே 19ஆம் நூற்றாண்டில்தான். குவிமாடமோ மசூதியிலும் தேவாலயத்திலும் உண்டு. மரபு கேட்பதெல்லாம் உள்ளே: ஜெருசலேமை நோக்கிய பேழை, அதன் முன் அணையா விளக்கு, தோரா வாசிக்கும் மேடையான பிமா, ஜன்னல்கள்.

ஜெர்மனியின் டிரெஸ்டனைப் பாருங்கள். கட்டடக்கலைஞர் செம்பர் வடிவமைத்த பழைய கூடம் 1938 நவம்பரில் நாஜிகளால் எரிக்கப்பட்டது. அங்கே 2001இல் எழுந்த புதிய கூடத்தின் மனை, ஜெருசலேம் இருக்கும் திசையான கிழக்குக்கு நேராக இல்லை. அதை வடிவமைத்த வாண்டல், ஹோஃபர், லோர்ச் குழுவினர் ஒவ்வொரு கல்வரிசையையும் கீழ்வரிசையிலிருந்து சற்றே திருப்பி அடுக்கினார்கள். அடியில் மனையோடு ஒட்டி நிற்கும் சுவர், உச்சியில் கிழக்கே பார்க்கிறது. உள்ளே தொங்கும் உலோக வலைத்திரை, இஸ்ரவேலர் பாலைவனத்தில் சுமந்த கூடாரத்தை நினைவூட்டுகிறது. வாசலில் நட்சத்திரம் உண்டு, ஆனால் அது எரிந்த கூடத்திலிருந்து ஒரு தீயணைப்பு வீரர் காப்பாற்றி வைத்தது. அப்படி ஒரு காரணம் இருந்தால் தாராளமாக வையுங்கள்.

குளிர்நாட்டில் வெப்பக்காப்பு இல்லாத வெளிச்சுவரில் பேழையைப் பதிக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும். தோரா, தோலில் கையால் எழுதிய சுருள். ஓர் எழுத்து உதிர்ந்தாலும், திருத்தும்வரை சபையில் வாசிக்க ஆகாது. கண்ணாடிக் கூரை ஆசையா? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கட்டடக்கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், மோசே கட்டளைகள் பெற்ற சீனாய் மலையாக உருவகித்த பெத் ஷோலோம் தொழுகைக்கூடம் (1959) ஒளியில் அற்புதம்தான், ஆனால் மழைக்கு ஒழுகிய கூரை அது. மூட்டுகளின் விவரப்படத்தை முதலில் வரையுங்கள்.

மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபை என்றால், வார ஓய்வுநாளான சப்பாத் அன்று மின்சாதனம் இயக்க மாட்டார்கள். ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு, தானியங்கிக் கதவு இரண்டும் வேண்டாம். மைக்கும் கிடையாது. வெற்றுக் கான்கிரீட்டின் எதிரொலியில் வாசிப்பவர் குரல் கடைசி வரிசைக்குக் குழம்பித்தான் போய்ச் சேரும், மரப்பலகை பதியுங்கள். பிமாவுக்குச் சாய்தளம் கட்டாயம். கனமான சுருளைச் சுமந்து ஏறுபவர் முதியவராக இருக்கலாம்.

தயவுசெய்து, முதல் கோடு போடுமுன் அந்தச் சபையின் மதகுருவான ரபியிடம் கேளுங்கள்: பிமா கூடத்தின் நடுவிலா, பேழையை ஒட்டி முன்னாலா? இருக்கை வரிசைகள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே அந்தப் பதிலில்தான் இருக்கிறது.