சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

‘இந்த ஃபவுண்டேஷன்லயே எஸ்பிஎஃப் 15 இருக்கு, தனியா சன்ஸ்கிரீன் எதுக்கு?’ என்று அழகுசாதனக் கடையில் விற்பவரே சொல்வதுண்டு. எஸ்பிஎஃப் என்பது வெயிலிலிருந்து எவ்வளவு காப்பு என்று சொல்லும் எண். வெயிலின் கதிரைத் தடுப்பது ஒரு வேலை. முகத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும் நிறத்தைச் சீராகக் காட்டுவது வேறு வேலை. இரண்டும் குழாயிலிருந்து பிதுக்கி முகத்தில் பூசுபவை என்பதால் ஒன்றின் கணக்கில் மற்றொன்றைச் சேர்த்துவிடுகிறோம். தமிழ்ப் பெயர் வைக்கும்போதும் இதே கதைதான். ‘முகப்பூச்சு’ என்று ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்துவிடுகிறார்கள்.

சன்ஸ்கிரீன்

‘ஸ்கிரீன்’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். கணப்பு நெருப்பின் அனல் நேரே மேலே அடிக்காமல் இருக்க முன்னால் நிறுத்தும் தட்டிக்கு அந்தப் பெயர். இன்றைய வழக்கில் ஸ்கிரீன் என்றதும் சினிமாத் திரை நினைவுக்கு வருவதால், சன்ஸ்கிரீனைச் ‘சூரியத்திரை’ என்று பெயர்த்துவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழில் திரை என்றால் துணித்திரையும் கடலலையும் மட்டுமல்ல. தோலில் விழும் சுருக்கமும் திரைதான். ‘நரை, திரை, மூப்பு’ என்கிறோமே, அந்தத் திரை. வெயிலால் வரும் சுருக்கத்தைத் தடுக்க வாங்கும் பொருளின் பெயரையே ‘வெயில் தந்த சுருக்கம்’ என்று படிக்க இடம் கொடுப்பது நன்றாகவா இருக்கிறது?

‘சன்பிளாக்’ என்ற இன்னொரு பெயரும் இருந்தது. எதுவும் வெயிலை முழுக்க அடைத்துவிடாது என்பதால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் கொண்டுவந்த விதியில் அந்தச் சொல்லையும், ‘வாட்டர்ப்ரூஃப்’, ‘ஸ்வெட்ப்ரூஃப்’ என்பவற்றையும் அட்டையில் போடக் கூடாது என்று தடுத்தது. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று மட்டும் போடலாம். 40 நிமிடமா, 80 நிமிடமா என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆகவே ‘வெயில்தடை’ என்ற பெயரும் கொஞ்சம் மிகைதான்.

‘களிம்பு’ சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் பச்சைக்குத்தான் களிம்பு என்று பெயர். புண்ணுக்குப் போடும் மருந்துக்கும் அது ஆகிவந்தது. தினமும் காலையில் பூசும் ஒன்றைக் களிம்பு என்றால் மருந்து வாடை அடிக்கிறது.

நாங்கள் பரிந்துரைப்பது வெயில்காப்பு. காப்பு என்றால் பாதுகாப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். மேலே பூசி மூடுவதற்கும் காப்பு என்றே பெயர் என்பதைக் கோயிலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு, தைலக்காப்பு. உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுக்கச் சந்தனக்காப்பில்தான் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் அதைக் களைந்து, பிறகு புதிதாகச் சாத்துகிறார்கள். ஒலியும் ஒளியும் அதிர்வும் மரகதத்தைப் பாதிக்காமல் இருக்கவே இந்தக் காப்பு என்பது அங்கே வழங்கும் விளக்கம். பூச்சும் பாதுகாப்பும் ஒரே சொல்லுக்குள் இருக்கும்போது, அந்த மொழி வேறு சொல்லுக்கு ஏன் அலையவேண்டும்? புணர்ச்சி விதி பார்ப்பவர்கள் வெயிற்காப்பு என்று எழுதலாம். வெயில்காலம் என்று பேசுகிறவர்கள் வெயில்காப்பு என்றே சொல்லட்டும்.

துத்தநாக ஆக்சைடு, டைட்டேனியம் டை ஆக்சைடு ஆகிய தாது வகைக் காப்புகள் கண்ணாடிபோல் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன என்றும், மற்ற வேதி வகைகள் உறிஞ்சுகின்றன என்றும் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். தாது வகையும் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை உறிஞ்சத்தான் செய்கிறது. சிதறடித்துத் திருப்புவது சிறு பங்குதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிப்பதில்தான் அது கெட்டி. மாநிறத்துக்கு மேல் கறுத்த முகத்தில் அது சாம்பல் பூத்தமாதிரி நிற்பதற்கும், கல்யாண வீட்டு ஃபிளாஷ் வெளிச்சத்தில் கழுத்து ஒரு நிறமும் முகம் வெள்ளையுமாக விழுவதற்கும் அதுவே காரணம்.

எஸ்பிஎஃப், பிஏ

எஸ்பிஎஃப்பைப் பாடநூல் நடையில் ‘சூரியப் பாதுகாப்புக் காரணி’ என்கிறார்கள். ‘காரணி’ என்பதில் அளவு எதுவும் விளங்கவில்லை. இது ஒரு விகிதம். பூசாத தோல் சிவக்க எவ்வளவு கதிர் வேண்டும், பூசிய தோல் சிவக்க அதைப்போல் எத்தனை மடங்கு வேண்டும் என்பதே எண். எனவே ‘காப்பு மடங்கு’ என்றால் பாதி விளக்கம் சொல்லிலேயே வந்துவிடும். 1970களில் இந்த அளவை உலகெங்கும் பரப்பியவர் ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் கிரைட்டர்.

மடங்கு என்றதும் ‘10 நிமிடத்தில் சிவக்கிற தோல், 30 மடங்கு போட்டால் 300 நிமிடம் தாங்கும்’ என்று நேரக் கணக்குப் போடக் கூடாது. அளப்பது கதிரின் அளவை, கடிகாரத்தை அல்ல. காலை 8 மணி வெயிலில் ஒரு மணி நேரம் நிற்பதும் உச்சிவேளையில் ஒரு மணி நேரம் நிற்பதும் ஒன்றில்லை. மடங்கு கூடக்கூடப் பலனும் அதே வேகத்தில் கூடாது: 15 மடங்கு சுமார் 93 விழுக்காட்டையும், 30 மடங்கு 97ஐயும், 50 மடங்கு 98ஐயும் தடுக்கும்.

நம் தோலுக்கு இந்த எண் பாதிக் கதைதான் சொல்கிறது. அது அளப்பது சிவப்பை. சிவப்பை உண்டாக்குவதில் பெரும்பங்கு 290 முதல் 320 நானோமீட்டர் வரையுள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிருக்கு. நம் முகம் சிவப்பதைவிடக் கறுப்பதுதான் அதிகம். ‘வெயில்ல அலைஞ்சு கறுத்துட்ட’ என்பதுதான் வீட்டுப் பேச்சு. 320 முதல் 400 வரையுள்ள யுவிஏ கதிர் தோலின் ஆழத்துக்குப் போய்க் கறுப்பையும் சுருக்கத்தையும் தருகிறது. ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வருகிறது. அதற்கான அளவுதான் பிஏ. ஜப்பானில் 1996இல் வந்தது. ஒரு கூட்டல் குறி இருந்தால் காப்பு 2 முதல் 4 மடங்கு, இரண்டு இருந்தால் 4 முதல் 8, மூன்று இருந்தால் 8 முதல் 16, நான்கு இருந்தால் 16க்கு மேல். அட்டையில் 50 என்று பெரிதாகப் போட்டு பிஏ போடாததைவிட, 30 போட்டு நான்கு கூட்டல் குறி உள்ளது நமக்கு மேல்.

அளவு

இந்த மடங்கெல்லாம் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்தது. முகத்துக்கு மட்டும் சுமார் 1.2 கிராம், அதாவது கால் டீஸ்பூன். கழுத்தும் காதும் சேர்ந்தால் ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு. வழக்கமாகப் பூசுவது இதில் பாதியோ அதற்கும் குறைவோதான், காப்பும் அதற்கேற்பக் குறைகிறது. வீட்டில் சரிபார்க்க எளிய வழி உண்டு: 50 கிராம் குழாயை முகத்துக்கு மட்டும் தினம் ஒருமுறை பூசினால் 40 நாள் வரும். ஆறு மாதம் வருகிறது என்றால் நீங்கள் சிக்கனக்காரர், ஆனால் உங்களுக்குக் காப்பு இல்லை.

வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்துத் துடைத்தால் உடனே, மறுபடி பூசவேண்டும். மஞ்சளும் சந்தனமும் இந்த வேலையைச் செய்யா.

ஃபவுண்டேஷன்

லத்தீனில் ‘ஃபுண்டுஸ்’ என்றால் அடி. கட்டடத்துக்கு அஸ்திவாரம் என்ற பொருளும் அதிலிருந்து வந்ததே. அதற்காக முகத்துக்கு ‘அடித்தளம்’ போடுவது என்று எழுதுவது, கொத்தனாரைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபவுண்டேஷன் கிரீம் என்பது பவுடர் ஒட்டுவதற்காக முதலில் தடவும் நிறமற்ற கிரீம். நம் பாட்டிமார் ‘ஸ்நோ போட்டு, மேல பவுடர் போட்டு’ என்றார்களே, ஆப்கன் ஸ்நோ போன்ற அந்த வகைதான். அடியில் போவது என்பதால் அந்தப் பெயர். பிற்பாடு நிறத்தையும் அதிலேயே கலந்தார்கள். மேலே வரவேண்டிய வேலையையும் அடியே செய்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

நிறம் வந்தது மேடையிலிருந்து. ஜெர்மனியில் பாடகராக இருந்த லுட்விக் லைக்னர் 1873இல் தொடங்கிய நிறுவனம் கொழுப்பில் குழைத்த வண்ணக் கட்டிகளை நடிகர்களுக்கு விற்றது. அது சினிமா விளக்கில் பளபளத்தது. 1930களின் பிற்பகுதியில் வண்ணப் படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் கொண்டுவந்த பான்கேக், ஈரப் பஞ்சால் தொட்டுப் பூசும் பொடிக்கட்டி. கோடம்பாக்கத்து ஒப்பனை அறைகளில் அந்த வணிகப் பெயரே பொதுப்பெயர் ஆகிவிட்டது.

மேடைப் பூச்சுக்குத் தமிழில் அதற்கு வெகுகாலம் முன்பே சொல் இருந்தது: அரிதாரம். வடமொழியில் ஹரிதாலம். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் தாது அது. கதகளியில் மனையோலை என்ற பெயரில் இதைப் பூசுகிறார்கள். நீலத்தோடு கலந்து பச்சை வேடத்துக்கான நிறத்தை எடுப்பதும் இதிலிருந்தே. தாதுவின் பெயர் வேடப் பூச்சுக்கெல்லாம் பெயராகி, ‘அரிதாரம் பூசியவர்’ என்றால் நடிகர் என்றாகிவிட்டது. அரசியல் மேடையில் ஏச்சுக்கும் ஆகிவிட்டது. சொல் அழகானதுதான். ஆனால் அலுவலகத்துக்குப் போகுமுன், முகத்தில் மங்கு என்று படரும் கருந்திட்டை மறைக்கப் பூசும் ஒன்றை அரிதாரம் என்றால் வேடம் போடுவதாகப் பொருள்படும்.

ஆகவே அடிப்பூச்சு. முகத்தில் முதலில் பரவும் நிறப் பூச்சு, மற்றவை இதன் மேல் என்பது அதில் இருக்கிறது. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பிரைமரையும் சிலர் அடிப்பூச்சு என்பார்கள். முக ஒப்பனையில் பிரைமர் என்று தனிப் பொருள் இருப்பதால் அதை முன்பூச்சு என்று பிரித்துக்கொள்ளலாம். கன்சீலர் மறைப்புப் பூச்சு. ‘அண்டர்டோன்’ என்பதற்கு அடிநிறம் போதும்.

அந்த அடிநிறத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். புறங்கையில் தேய்த்துப் பார்த்து வாங்குவது வீண். கையின் நிறம் வேறு. தாடை ஓரத்தில் மூன்று அடுத்தடுத்த நிறங்களைக் கோடாக இழுத்து, கடை விளக்கைவிட்டு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தோடு கலந்து காணாமல் போகிற கோடுதான் உங்களுடையது. உடனே வாங்காமல் 15 நிமிடம் பொறுங்கள். தோலின் எண்ணெய் பட்டுச் சில பூச்சுகள் ஒரு படி கறுக்கும். மஞ்சள் அடிநிறமுள்ள முகத்தில் இளஞ்சிவப்பு அடிநிறப் பூச்சு, எவ்வளவு சரியான அடர்த்தியாக இருந்தாலும், சாம்பலாகத்தான் தெரியும். நிறத்தை வெளுக்க வைப்பது இதன் வேலையே இல்லை.

இரண்டும் சேரும் இடம்

எஸ்பிஎஃப் 15 போட்ட அடிப்பூச்சுக்கு வருவோம். அந்த 15 மடங்கு கிடைக்க 1.2 கிராம் பூசவேண்டும். அவ்வளவு அடிப்பூச்சைப் பூசினால் கூத்துக்குத்தான் கிளம்பவேண்டும். வழக்கமாகப் பூசுவது ஒரு பட்டாணி அளவு. கீழே 30 மடங்குக் காப்பு இருந்தால் 30+15 என்று கூட்டியும் 45 வராது.

ஆனால் அடிப்பூச்சுக்கு ஒரு உண்மையான காப்புக் குணம் உண்டு. மங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும் கூடும், அதுவும் நம் போன்ற நிறத்தில் அதிகம். வெள்ளையாக வரும் வெயில்காப்பு பெரும்பாலும் அதைத் தடுப்பதில்லை. தடுப்பவை இரும்பு ஆக்சைடுகள். அடிப்பூச்சின் மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்கள் அவற்றிலிருந்தே வருகின்றன. காவிக்கல்லுக்கு நிறம் தருவதும் இதே பொருள்தான். ‘டின்டட் சன்ஸ்கிரீன்’, அதாவது நிறமேற்றிய வெயில்காப்பு, இதை நினைத்து வந்தது. மங்கு உள்ளவர்கள் அட்டையில் இரும்பு ஆக்சைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

பூசும் வரிசையில் காப்பு கீழே, அடிப்பூச்சு மேலே. ஈரப்பதக் கிரீம் தடவியிருந்தால் அது இறங்கச் சில நிமிடம் விட்டு, காப்பை இரண்டு தவணையாகப் பரப்புங்கள். படிய 10, 15 நிமிடம் கொடுங்கள். பிறகு அடிப்பூச்சை, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். இழுத்துத் தேய்த்தால் கீழிருக்கும் காப்புப் படலம் கிழிந்து, அழுக்குபோல் உருண்டு உருண்டு வரும். அவசரமும், ஒன்றன்மேல் ஒன்றாக ஜெல்லும் சிலிக்கோனும் அடுக்குவதும் இதற்குக் காரணம். நேரம் மிச்சம் என்று இரண்டையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசாதீர்கள்: காப்பு நீர்த்துப் போகும், படலம் சீராக விழாது. பகலில் மறுபடி பூச, வியர்வையை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, ஸ்பாஞ்சில் காப்பைத் தொட்டு அழுத்தி அழுத்தி வையுங்கள். காப்பு உள்ள பவுடர் தேவையான கனத்துக்கு ஏறாது. எண்ணெய் வழிவதை அடக்கத்தான் அது.

போர் தண்ணீரில் துவைக்கும் வீடுகளில் வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டை துருப்பிடித்தமாதிரி ஆவதுண்டு. பல வெயில்காப்புகளில் இருக்கும் அவோபென்சோன் தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து தரும் கறை அது. பிளீச் போட்டால் இன்னும் மோசமாகும். எலுமிச்சைச் சாற்றை ஊறவிட்டு அலசிப் பாருங்கள், அடுத்தமுறை காப்பு நன்றாகப் படிந்த பிறகு சட்டையைப் போடுங்கள்.