நாயைத் துரத்தினால் புழு போகாது

"என்ர பிள்ளையை நாய் கடிக்கவே இல்லை டொக்டர். பிறகு எப்பிடி நாய்ப்புழு வரும்?"

விசர்நாய்த் தடுப்பூசிக்கு நாயோடு வந்த தாய் ஒருவர் கேட்டார். ஐந்து வயது மகனின் கண்ணிமையில் வீக்கம் இடம் மாறி மாறி வந்திருக்கிறது. கடைசியில் வெள்ளை நூல் போல ஒரு புழுவை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

நாயின் இரத்தத்தில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்து அவவையே பார்க்கச் சொன்னேன். செங்குழியங்களை இடித்துத் தள்ளியபடி குஞ்சுப் புழுக்கள் நெளிந்தன. நாய்க்கோ ஒரு வருத்தமும் இல்லை, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

டைரோஃபிலேரியா ரெபென்ஸ் என்ற இந்தப் புழு நாயின் தோலுக்கடியில் வாழ்கிறது. பெண்புழு 17 சென்ரிமீற்றர் வரை வளரும். அது ஈனும் குஞ்சுகள் இரத்தத்தில் மிதந்து, நுளம்பு குடிக்கும்போது அதற்குள் போகின்றன. யானைக்கால் புழுவின் குஞ்சு நுளம்பின் நெஞ்சுத் தசையில் வளரும். இதுவோ கழிவகற்றும் நுண்குழாய்களில் வளரும். ஒரே நுளம்பு, ஆனால் ஆளுக்கொரு அறை! ஏறத்தாழ இரண்டு கிழமையில் வாய்க்குழலுக்கு வந்து அடுத்த கடிக்குக் காத்திருக்கும்.

அந்தக் கடி பிள்ளையில் விழுந்தால் புழுவுக்கும் வழி தவறிப்போகிறது. பெரும்பாலும் தனிப் புழுதான்; சோடி இல்லை, பெருக்கமும் இல்லை. ஆகவே பிள்ளையிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமோ என்று பயப்படத் தேவையில்லை. வீக்கத்தை மட்டும் நசுக்கவோ பத்துப் போடவோ வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இலங்கையில் இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அந்தப் புழுவின் இருப்பிடம் மனிதன், மனிதருக்கு மருந்து கொடுத்தது பலித்தது. இந்தப் புழுவின் இருப்பிடம் நாய். மருந்து அங்கேதான் போகவேண்டும்.

"அப்ப இதைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டிடட்டோ?" என்று கேட்டா. எனக்கு மனம் பதறியது. விட்ட நாய் அடுத்த ஒழுங்கையில்தான் படுத்திருக்கும், நுளம்பு அங்கேயும் குடிக்கும். அதைவிட மாதாமாதம் மருந்து கொடுத்தால் இரத்தத்தில் குஞ்சுகள் அற்றுப்போகும். நிறைக்கேற்ற அளவை மிருக வைத்தியர்தான் சொல்லவேண்டும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை நாய்க்கு ஊற்றாதீர்கள், சில இன நாய்களுக்கு அது உயிராபத்து.

மாரி தொடங்கமுன் வளவில் சிரட்டை, பேணிகளைக் கவிழ்த்துவிடுங்கள். மலக்குழி மூடியில் வெடிப்பிருந்தால் சீமெந்து பூசுங்கள். ஊத்தைத் தண்ணியில் பெருகும் ஆர்மிஜெரஸ் நுளம்பும் இந்தப் புழுவைக் காவும்.

அந்த நாய் இப்போது மாதம் தவறாமல் வருகிறது. போன முறை எடுத்த இரத்தத் துளியில் எதுவும் நெளியவில்லை.