கேம்ப்பிங்குக்குத் தமிழில் என்ன சொல்?

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, பண்ருட்டிக்கு வடக்கே தென்பெண்ணைக் கரையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். "கேம்ப்பிங் போறோம்மா" என்று வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டார்: "எந்த ஊருக்கு? ஆபீஸ்ல அனுப்புறாங்களா?"

அம்மா கேட்டதில் தவறே இல்லை. கடலூரில் அரசு வேலைக்காரர் வீடுகளில் 'கேம்ப்' என்றால் வெளியூர்ப் பயணம். "சார் கேம்ப் போயிருக்காரு, புதன்கிழமைதான் வருவாரு" என்ற பதிலைக் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. அதிகாரி போகிற ஊரில் லாட்ஜில் தங்கினாலும் அது கேம்ப்தான். அங்கிருந்து அவர் அனுப்பும் கடிதத்தின் மேலே 'முகாம்: சிதம்பரம்' என்று இருக்கும். வெள்ளைக்கார அதிகாரிகள் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றிய காலத்தின் மிச்சம் இது. கூடாரம் போய்விட்டது, சொல் நின்றுவிட்டது.

அப்படியானால் ஆற்றோரத்தில், தோப்பு நிழலில், குழாயும் விளக்கும் இல்லாத வெறுந்தரையில் படுத்து எழுந்து வருவதற்குத் தமிழில் என்ன சொல்? ஆங்கிலத்தில் 'பிரிமிட்டிவ் கேம்ப்பிங்', மரங்களுக்கு நடுவே என்றால் 'உட்லேண்ட் கேம்ப்பிங்' என்கிறார்கள்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் ஊரைப் பார்த்துவிடுவோம். லத்தீனில் 'காம்புஸ்' என்றால் திறந்தவெளி, சமவெளி. ரோம் நகரில் படைவீரர்கள் பயிற்சி எடுத்த வெளிக்கு, போர்த் தெய்வமான மார்ஸின் பெயரைச் சேர்த்து 'காம்புஸ் மார்தியுஸ்' என்று பெயர். வெளியைக் குறித்த சொல், அந்த வெளியில் நிற்கும் படையையும் ஒட்டிக்கொண்டது. இத்தாலியில் 'காம்போ' ஆகி, பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு 'கேம்ப்' வந்து சேர்ந்தது. அதே வேரிலிருந்துதான் ஜெர்மன் மொழியில் போரைக் குறிக்கும் 'காம்ஃப்' வந்தது. களத்தில் இறங்கிச் சண்டை போடுகிறவன் 'சாம்பியன்' ஆனான். கல்லூரி 'கேம்பஸ்' மட்டும் படையிலிருந்து தப்பி, பழைய திறந்தவெளிப் பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

படை இல்லாமல், சும்மா மகிழ்ச்சிக்காக வெளியில் தங்குவது என்ற பொருள் பரவியது ரொம்பப் பிந்தித்தான். லண்டன் தையற்காரர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் 1901-இல் சைக்கிளில் போய்க் கூடாரம் அடிப்பவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1908-இல் அதற்கென ஒரு கையேடும் எழுதினார். சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற அளவுக்குச் சிறிய கூடாரத்தைத் தானே தைத்துப் பார்த்தவர் அவர். இந்தச் சொல்லைப் படையிடமிருந்து பிரித்தெடுத்ததில் அவர் ஊசிக்கும் பங்கு உண்டு.

புதுச்சேரியில் இன்னொரு கிளைக் கதை இருக்கிறது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுக்காரர்கள் சொல்லும் 'காம்பீங்' நம்முடைய கேம்ப்பிங் அல்ல. பிரெஞ்சில் அது பெரும்பாலும் இடத்தின் பெயர்: கட்டணம் கட்டி, குளியலறையும் மின்சாரமும் உள்ள மைதானம். ஒன்றுமில்லாத இடத்தில் தங்குவதை அவர்கள் 'காம்பீங் சொவாஜ்' என்பார்கள். 'சொவாஜ்' என்றால் முரட்டுத்தனமான, காட்டுத்தனமான என்று இப்போது பொருள். அதன் வேர் லத்தீனில் காட்டைக் குறிக்கும் 'சில்வா'. காட்டுக்குரியது என்பதுதான் முதல் பொருள். எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். ஆனால் நம் வாயில் அது உட்காராது.

சரி, தமிழுக்கு வருவோம். அகராதியைத் திறந்தால் முதலில் வருவது 'முகாம்'. அரபியில் 'மகாம்' என்றால் நிற்கும் இடம். மக்காவில் இப்ராஹீம் நபி நின்ற இடம் என்று போற்றப்படும் 'மகாமு இப்ராஹீம்' இதே சொல்தான். பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து முழுக்கத் தமிழாகிவிட்டது. வந்த சொல் என்பதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை. என் தயக்கம் வேறு.

கடலூரில் முகாம் என்றால் எது நினைவுக்கு வரும்? 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்துக் கரையில் அலை ஏறிய பிறகு மக்கள் தங்கிய இடம் முகாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது முகாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் கரை புரண்டபோது மறுபடியும் முகாம். பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்து, பொட்டலச் சோற்றுக்கு வரிசையில் நின்ற மக்களுக்கு அந்தச் சொல் விளையாட்டுச் சொல் ஆகாது. மற்றபடி கண் சிகிச்சை முகாம், இரத்த தான முகாம், மனு வாங்கும் முகாம் என்று அது ஏற்கெனவே பெரிய கூட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. நாலு பேர் சத்தமில்லாமல் ஆற்றோரம் படுப்பதையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

பழைய சொற்களைத் தேடினால், தமிழும் லத்தீனைப் போலவே படையின் பின்னால் போயிருக்கிறது. பாசறை, படைவீடு, பாளையம் எல்லாமே படை இறங்கிய இடங்கள். கடலூர்ப் புதுப்பாளையத்தில் பஸ் ஏறுகிறவர்கள் ஒரு பழைய கேம்ப்பின் பெயரைத்தான் தினமும் சொல்கிறார்கள். இதில் 'பாடி' மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. படை தங்கும் இடமும் பாடி, மாடு மேய்ப்பவர்களின் ஊரும் பாடி. ஆயர்பாடி தெரியும், நம் பக்கத்துக் குறிஞ்சிப்பாடியும் தெரியும்.

முல்லைப்பாட்டில் வரும் பாடியைப் படித்தால் இன்றைய கூடாரக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இடம், 'கான்யாறு தழீஇய அகல்நெடும் புறவு'. காட்டாறு தழுவிக்கொண்டு ஓடுகிற அகன்ற முல்லைக்காடு. புதரை வெட்டி, முள்வேலி வளைத்து, கடல் போல் பரந்த பாடி அமைக்கிறார்கள். யவனர்கள் அமைத்த அரசனின் கூடாரம் 'ஈரறைப் பள்ளி', வலுவான கயிற்றில் திரையை இழுத்துக் கட்டி இரண்டு அறையாகப் பிரித்தது. இன்றைக்குக் கடையில் 'டூ ரூம் டெண்ட்' என்று விற்பதை, இந்தப் பாட்டைப் பாடிய நப்பூதனார் எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார்! யவனர் சரக்குகள் வந்து இறங்கிய அரிக்கமேடு நமக்குப் பக்கத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்வேன்.

ஆக, பெரிய கூட்டம் கூடாரங்களோடு இறங்கும் இடத்துக்குப் பாடி நல்ல சொல். மாணவர்கள் ஐம்பது பேர் போனால் தாராளமாகப் பாடி என்று சொல்லலாம். ஆனால் நான் தேடியது அதைவிடச் சின்னது.

அது கிடைத்தது தென்பெண்ணைக் கரையில். மணலில் கூடாரக் கயிற்றைக் கட்டும் முளை நிற்கவில்லை. அடித்து முடித்துக் கயிற்றை இழுத்தால், தயிரில் குத்திய ஈர்க்குச்சி மாதிரி வெளியே வந்தது. அந்தச் சவுக்குத் தோப்பின் சொந்தக்காரரான பெரியவரிடம் முதலிலேயே அனுமதி கேட்டிருந்தோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு சவுக்குக் கழியை முழ நீளத்துக்கு வெட்டினார். கயிற்றைக் கழியின் நடுவில் கட்டி, முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, கழியை அதில் படுக்க வைத்தார். மணலைத் தள்ளி மிதித்து, மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். "இப்ப இழுத்துப் பாருங்க தம்பி." அசையவில்லை. படுத்த கழிக்கு மேல் அவ்வளவு மணலின் பாரமும் உட்கார்ந்திருக்கிறதே, எப்படி அசையும்!

அப்புறம் கேட்டார்: "இங்க என்ன பண்ணப் போறீங்க?"

"கேம்ப்பிங் ஐயா. நைட்டு இருந்துட்டுக் காலையில போயிடுவோம்."

"ராத்தங்கப் போறீங்க. நாங்களும் முந்திரி காலத்துல காவலுக்குக் கொல்லையிலதான் ராத்தங்குவோம்."

ராத்தங்கல். அன்று ராத்திரி முழுக்க அந்தச் சொல் என்னோடு இருந்தது. இலக்கணப்படி இராத்தங்கல். நிலா நிலவு ஆனது போல, கனா கனவு ஆனது போல, இரா இரவு ஆனது. பழைய 'இரா' இன்னும் ராப்பகலாக, ராப்பிச்சையாகப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. இராத்தங்கலும் அந்தக் குடும்பம்தான்.

'தங்கு' என்பதையும் கவனிக்க வேண்டும். "எங்கே குடியிருக்கீங்க?" என்பதும் "எங்கே தங்கியிருக்கீங்க?" என்பதும் ஒன்றல்ல. குடியிருப்பவருக்கு அது வீடு, தங்குகிறவர் கிளம்பப் போகிறவர். பள்ளத்தில் மழைத் தண்ணீர் தங்குகிறது என்கிறோமே, அதுவும் வற்றிப் போகும். வந்த தடம் தெரியாமல் போவதுதான் இந்தத் தங்கலின் ஒழுக்கம். அமெரிக்கக் காடுகளில் நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளிக் கூடாரம் அடிக்கச் சொல்கிறார்கள், ஏறத்தாழ 70 தப்படி. ராவில் தண்ணீர் குடிக்க வரும் உயிர்களுக்கு வழி வேண்டும், ஆறும் அழுக்காகக் கூடாது.

ஊருக்குத் திரும்பிய பிறகு தமிழ் வேதாகமத்தைப் புரட்டினேன். மோசேயின் பின்னால் பெருங்கூட்டம் கூடாரம் போடும் இடங்களில் எல்லாம் 'பாளயமிறங்கினார்கள்' என்று இருக்கிறது. யாக்கோபு தன்னந்தனியாக, பொழுது சாய்ந்த இடத்தில் கல்லைத் தலைக்கு வைத்துப் படுக்கும் இடத்தில் வேறு சொல்: 'ராத்தங்கி'. கூட்டத்துக்கு ஒரு சொல், ஒற்றை மனிதனின் இரவுக்கு இன்னொரு சொல். மொழிபெயர்த்தவர்களின் காது எவ்வளவு நுட்பமானது!

ஒரு எச்சரிக்கை. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப் பெயர்களில் வருவது 'தாங்கல்', சிறிய ஏரி. அதைத் தங்கலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மிச்சம் இருப்பது 'பிரிமிட்டிவ்' என்ற அடைமொழி. குழாய், கழிப்பறை, மின்சாரம் எதுவும் இல்லாத தங்கலிடத்துக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் அது. இதை 'பழமையான முகாம்' என்று பெயர்த்திருப்பதைப் பார்த்தேன். தொல்லியல் மேடு மாதிரி ஒலிக்கிறது. நம்மிடம் 'வெறும்' இருக்கும்போது எதற்குச் சிரமம்? வெறுஞ்சோறு என்றால் குழம்பு இல்லை, வெறுங்கை என்றால் அதில் ஒன்றும் இல்லை. அந்த வகையில் 'வெறுந்தரைத் தங்கல்' என்றால் தரையைத் தவிர வேறெதுவும் கிடைக்காது என்று கேட்ட உடனே புரிந்துவிடும். விளக்கு, கழிப்பறையோடு காசு வாங்கிக்கொண்டு விடும் இடத்தைச் சும்மா 'தங்கலிடம்' என்று சொன்னால் போதும்.

மரங்கள் அடர்ந்த இடத்தைச் சொல்லும் 'உட்லேண்ட்' என்பதற்கு ஒரே சொல் தேட வேண்டியதில்லை. நம் பக்கம் முந்திரிக்காடு, சவுக்குத்தோப்பு, ஆற்றுப்படுகை என்று இடத்துக்கு ஒரு பேர் இருக்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காடு மட்டும் வனத்துறையின் காப்புக்காடு, அங்கே நினைத்தபடி ராத்தங்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் படுகையில் படுப்பதும் கூடாது. மேலே அணை திறந்தால் கீழே படுத்திருப்பவருக்குத் தெரியாது.

இப்போது எங்கள் நால்வரின் வாட்ஸ்அப் குழுவில் கேம்ப்பிங் என்று யாரும் எழுதுவதில்லை. நேற்று வந்த செய்தி இது: "வர்ற சனிக்கிழமை கெடிலக்கரையில ராத்தங்குறோம். வெறுந்தரை, தண்ணி நாமதான் கொண்டு போவணும். தோப்புக்காரர்கிட்ட கேட்டாச்சு."