நாலு நிமிட வீடியோவும் நாற்பது நிமிட வகுப்பும்

ஏழாம் வகுப்புக்கு நிலாவின் பிறைகளைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் தேடி நல்ல வீடியோ ஒன்றைப் பிடித்து வைத்திருந்தேன். நாலே நிமிடம்தான். சூரியன், பூமி, நிலா மூன்றும் அழகாகச் சுழன்றன, குரலும் தெளிவாக இருந்தது. பிள்ளைகள் கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. சரி, பிறை ஏன் தேய்கிறது என்று படம் வரைந்து காட்டுங்கள் என்றேன். முப்பத்திரண்டு பேரில் பாதிக்கும் மேல், பூமியின் நிழல் நிலாவின் மேல் விழுவதாக வரைந்திருந்தார்கள்.

நிழல் விழுந்தால் அது சந்திர கிரகணம். பிறைக்கும் பூமியின் நிழலுக்கும் சம்பந்தமே இல்லை. நிலாவின் ஒரு பாதி எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது, அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் கண்ணுக்குத் தெரிகிறதோ அதுதான் பிறை. வீடியோவும் இதைத்தான் பளிச்சென்று சொன்னது. பிள்ளைகள் அதைக் கேட்டார்கள், தலையாட்டினார்கள், வகுப்புக்கு வருவதற்கு முன்பே மனசில் இருந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நடுநிலைப்பள்ளியில் பதினாறு வருடமாக அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். ஆள் குறைந்தால் சமூக அறிவியல், சில நாள் தமிழும் என் தலையில் விழும். எங்களிடம் வீடியோவுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே க்யூ.ஆர். கோடு அச்சாகி வந்தது, போனைக் காட்டினால் பாடம் திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இப்போது பல பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறையும் வந்துவிட்டது. வீடியோ கிடைக்காத காலம் போய், போட்டுவிட்டாலே பாடம் நடந்துவிட்டது என்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் நம்பும் காலத்தில் நிற்கிறோம். அந்த நம்பிக்கை எனக்குக் கவலையாக இருக்கிறது. நானும் சில வருடம் அதே நம்பிக்கையில் வீடியோ போட்டவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இதில் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. இன்று யூடியூபில் வெரிடாசியம் என்ற அறிவியல் சேனலை நடத்தும் டெரிக் முல்லர், 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். இயற்பியலைத் தெளிவாக, நேராக விளக்கும் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் "எளிமை, தெளிவு" என்று பாராட்டினார்கள். தேர்வு வைத்தால் மதிப்பெண் ஏறியதாகவே சொல்ல முடியவில்லை, ஆனால் தங்கள் தவறான விடையின் மேல் நம்பிக்கை மட்டும் கூடியிருந்தது. மாணவர்கள் பொதுவாகத் தப்பாக நினைப்பதை முதலில் பேசவிட்டு, பிறகு அதை உடைத்துக் காட்டிய வீடியோ அவர்களுக்குக் குழப்பமாகத்தான் பட்டது. மதிப்பெண் ஏறியது என்னவோ அதைப் பார்த்தவர்களுக்குத்தான். என் முப்பத்திரண்டு பேரின் படங்களை வைத்துக்கொண்டு இதைப் படித்தபோது, என் வகுப்பைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது.

அடுத்த நாள் அதே வீடியோவை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை ஓட்டுவதற்கு முன்னால் கரும்பலகையில் ஒரு கேள்வி: "மூன்றாம் பிறையை எப்போது, எந்தப் பக்கம் பார்ப்போம்?" இது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டில் ஆத்தாவோ பாட்டியோ பிறை கும்பிடுவார்கள். "பொழுது சாய்ஞ்சதும், மேற்கால" என்று பதில் வந்தது. "அப்போ சூரியன் எங்கே இருக்கும்?" "அதுவும் மேற்குலதான், இப்பதான் கீழ போயிருக்கும்." அப்புறம் பூமியின் நிழல்தான் காரணம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னேன். நிறையக் கைகள். வீடியோவை ஓட்டி, நாற்பதாவது நொடியில் நிறுத்தினேன். பின்வரிசையில் ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், நிலா சூரியன் பக்கத்துலயே இருக்கே. நடுவுல பூமி எப்படி வரும்?"

அதற்குப் பிறகு வீடியோ தேவைப்படவே இல்லை. ஜன்னலைச் சாத்தி ஒரு பல்பை எரியவிட்டு, ஆளுக்கொரு பந்தைக் கையில் பிடித்துச் சுற்றச் சொன்னேன். மீதி மூன்று சொச்சம் நிமிடத்தை வகுப்பு முடியும்போதுதான் ஓட்டினோம். அப்போது அவர்கள் பார்த்த விதமே வேறு. ஒரு இடத்தில் "இல்ல, இங்க வெளிச்சம் இந்தப் பக்கம்தான வரணும்" என்று திரையோடு சண்டை போட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. நாலு நிமிட வீடியோ என்றால் முழு வகுப்பும் அதற்கே. முதலில் ஊகம், நோட்டில் எழுதியாக வேண்டும், வாயால் சொன்னால் போதாது. நடுவில் இரண்டு இடத்திலாவது நிறுத்தம். முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, பார்க்காமல் எழுதுவது. இதற்கு நேரமில்லை என்றால் வீடியோவே வேண்டாம், சாக்பீஸ் போதும்.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே மாதிரி வீடியோ ஒத்துவராது. அறிவியலில் கண்ணுக்கு எட்டாததைக் காட்டத்தான் வீடியோ. பத்து நாளில் முளைக்கும் அவரை விதையை அரை நிமிடத்தில் பார்ப்பது, சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் என்னாகும் என்பது, செல் பிரிவது, இதெல்லாம் என் வகுப்பறையில் காட்ட முடியாதவை. எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் பொங்குவதை வீடியோவில் காட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பத்து ரூபாய் செலவில் பிள்ளையின் கையிலேயே பொங்கும் அது. அந்த நுரையின் சில்லிப்பு எந்தத் திரையிலும் வராது.

கணக்கில் வீடியோவை நான் ரொம்பவும் குறைத்துவிட்டேன். அடுத்தவர் போடும் கணக்கைப் பார்த்தால் நமக்கும் வந்துவிட்டது போலவே இருக்கும், பேனாவை எடுத்தால்தான் தெரியும். ஒன்று மட்டும் பலன் தருகிறது: சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டி, திரையில் நடப்பதைப் பிள்ளையை விளக்கச் சொல்வது. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் படத்துக்கு ஒரு பிள்ளை வாய் திறந்து விளக்கினால், எங்கே தட்டுகிறது என்று அந்த நிமிடமே பிடிபடுகிறது.

தமிழ் வகுப்பில் ல, ள, ழ. நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் வளைகிறது என்று காட்டும் அரை நிமிட வீடியோ எனக்குப் பெரிய உதவி. சமூக அறிவியலில் நடித்துக் காட்டும் வரலாற்று வீடியோக்களைத் தவிர்க்கிறேன். அதில் வரும் கிரீடமும் மீசையும்தான் பிள்ளைகளின் மனசில் வரலாறாக நின்றுவிடுகின்றன. கீழடி அகழாய்வுக் குழியைக் காட்டும் நிஜமான காட்சி கிடைத்தால் அது தங்கம். சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய உறைகிணறு தெரியும் இடத்தில் நிறுத்திவிட்டு, "இது என்னவாக இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பானை, குழாய், தூண் என்று வரும். ஊரில் சிமெண்ட் உறை இறக்கிய கிணறு பார்த்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும், விடை அவர்களிடமிருந்தே வந்துவிடும்.

மொழிமாற்று வீடியோக்கள் விஷயத்தில் ஆசிரியர்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பருவமழை பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். நல்ல தமிழ்க் குரல், ஒரு பிழை இல்லை. ஜூன் மாதம் மழை தொடங்கும், ஜூலை ஆகஸ்டில் வயல் நிறையும், செப்டம்பரில் ஓயும் என்று போகிறது. வட இந்தியாவுக்கு அது சரி. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்கு, அதுவும் கடலோரத்துக்கு, பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில்தான் வருகிறது. ஐப்பசியில் அடைமழையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தேர்வில் ஜூன் என்று எழுதுகிறது. பிறை வீடியோவிலும் இதே கதைதான். குளிர்நாட்டில் எடுத்ததில் பிறை அடைப்புக்குறி போல நிமிர்ந்து நிற்கும். நம் ஊர் வானத்தில் அது பெரும்பாலும் படகு போல மல்லாந்து கிடக்கும். பிழை சொல்லிலோ இலக்கணத்திலோ இல்லை என்பதால், முழுதாக ஒரு தடவை பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சொல்லிலும் கவனம் வேண்டும். இலங்கையில் தயாரான அருமையான ஒரு தமிழ் வீடியோவில் "ஒளித்தொகுப்பு" என்று வந்தது. எங்கள் பாடநூலில் "ஒளிச்சேர்க்கை". இரண்டும் ஒன்றே, அங்கே அதுதான் பாடநூல் சொல். முன்கூட்டியே சொல்லிவிட்டதால் குழப்பம் வரவில்லை, இரண்டில் எது பொருத்தமான சொல் என்று பத்து நிமிடம் வாதமே நடந்தது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களிடம் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போன பையனின் அம்மா போன வருடம் வந்தார். "கேம் எல்லாம் கிடையாது டீச்சர், பாட வீடியோதான் பார்க்கிறான், ராத்திரி பத்து மணி வரைக்கும். மார்க் மட்டும் வர மாட்டேங்குது." பையனை உட்காரவைத்துக் கேட்டேன். முந்தின நாள் பதினொரு வீடியோ பார்த்திருக்கிறான். ஒன்றைப் பற்றி மூன்று வரி எழுதச் சொன்னேன், தலைப்புக்கு மேல் நகரவில்லை. அவன் சோம்பேறி இல்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது, யோசிக்க இடைவெளியே இல்லை. அடுத்த வீடியோ தானாக ஓடுவதை அமைப்புகளில் போய் நிறுத்திக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு இரண்டே வீடியோ, ஒவ்வொன்றுக்குப் பிறகும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பார்த்ததை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். "எனக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். உங்களுக்குத் தெரியாது என்பதுதான் இதில் நல்ல விஷயம், உங்களுக்குப் புரியும்வரை அவன் சொல்லட்டும் என்றேன்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். வகுப்பில் நேரடியாக இணையத்திலிருந்து ஓட்டாதீர்கள், செரிமான மண்டலத்துக்கு நடுவில் ரம்மி விளம்பரம் வந்து நின்ற அனுபவம் எனக்கு உண்டு. அனுமதி உள்ள தளத்திலிருந்து முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பெஞ்சுக்குச் சத்தம் கேட்கிறதா என்று அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். வெயில் திரையில் அடிக்கும் மதிய வகுப்பில் வீடியோ வைக்கவே வைக்காதீர்கள்.

இந்த வருடம் பிள்ளைகளையே வீடியோ எடுக்கச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. கையும் பொருளும் மட்டும் தெரியலாம், முகம் வேண்டாம், வகுப்பை விட்டு வெளியே எதையும் அனுப்பவும் கூடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, முழு ஆரஞ்சுப் பழம் மிதப்பதையும் தோல் உரித்த பழம் மூழ்குவதையும் எடுக்க ஆசைப்பட்டாள். பழத்தைப் போடுவதுவரை சரியாக வரும், "ஏன்னா" என்ற இடத்தில் குரல் நின்றுவிடும். தோலில் காற்று இருக்கிறது என்று ஒரு தடவை, உரித்தால் கனம் கூடுகிறது என்று ஒரு தடவை. அதைச் சொல்லும்போதே தப்பென்று அவளுக்கே பட்டு, தோலையும் பழத்தையும் கையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஆறாவது தடவை, தோலைத் தனியாகத் தண்ணீரில் போட்டு அது மிதப்பதையும் காட்டி ஐம்பது நொடியில் முடித்தாள். நன்றாக வந்திருக்கிறது என்றேன். அவள் போனை வாங்கித் திரும்பப் பார்த்துவிட்டு, "நடுவுல ஒரு இடம் சரியா சொல்லல டீச்சர், இன்னொரு வாட்டி எடுக்கட்டுமா?" என்றாள்.