டிசம்பர் 26: அந்தப் படங்களை இனி அனுப்பாதீர்கள்

டிசம்பர் பாதி தாண்டினாலே என் ஓபியில் கூட்டம் கூடிவிடும். நாகப்பட்டினம் பக்கம் மனநல மருத்துவராக இருக்கும் யாருக்கும் இது புதிதல்ல. சுனாமி நினைவு நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும். ஆனால் கடந்த சில வருடங்களாக வருகிறவர்கள் போனை நீட்டிக்கொண்டே உள்ளே வருகிறார்கள். "இதப் பாத்ததுலேருந்துதான் டாக்டர்."

கடைசியாக வந்தவள் பதினேழு வயதுப் பெண். (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சுனாமிக்குப் பிறகு பிறந்தவள். பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவை சிகிச்சைக்கு அரசு அன்று ஏற்பாடு செய்தது. அப்படிப் பிறந்த பிள்ளை இவள். இறந்துபோன அக்காவின் பெயரைத்தான் இவளுக்கும் வைத்திருக்கிறார்கள்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு வீடியோ போட்டிருக்கிறார். வரிசையாகக் கிடத்திய குழந்தைகளின் படங்கள், பின்னால் சோகப் பாட்டு. அக்காவின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை, எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. அதனால் இவள் ஒவ்வொரு படமாக நிறுத்தி, பெரிதாக்கி, தன் சாயலில் ஒரு முகம் இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். மூன்று ராத்திரி. நான்காம் நாள் ஒரு முகத்தைக் கண்டுபிடித்து அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து அந்த அம்மா சாப்பிடவில்லை.

அந்தப் படம் எங்கே எடுத்தது என்று நானே தேடிப் பார்த்தேன். இந்தோனேசியாவின் ஆச்சேயில் எடுத்தது.

அனுப்பியவரைக் கூப்பிட்டுப் பேசினேன். கெட்ட மனிதர் இல்லை. எல்லோரும் சொல்லும் அதே பதிலைத்தான் சொன்னார்: "ஜனங்க மறந்துடக் கூடாதுல்ல டாக்டர்."

யார் மறந்தார்கள்? நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் மறந்துபோன ஒரு வீட்டைக் காட்டுங்கள். பிள்ளையின் கை எந்த நொடியில் நழுவியது என்பதை இருபது வருடம் கழித்தும் நேற்று நடந்ததுபோல் சொல்கிறவர்களுக்கு நீங்கள் நினைவூட்ட வேண்டியது எதுவும் இல்லை. அவர்களுடைய பாடு மறதி அல்ல, மறக்க முடியாதது. நினைத்துப் பார்ப்பது வேறு, திரும்ப அதற்குள் போய் விழுவது வேறு. மெழுகுவர்த்தி ஏற்றும்போதும் கடலில் பால் ஊற்றும்போதும் அவர்களாகவே ஒரு நேரம் குறித்து, நாலு பேரோடு சேர்ந்து நினைக்கிறார்கள். அழுதுவிட்டு வீடு திரும்புகிறார்கள். உங்கள் வீடியோ அப்படி நேரம் பார்த்து வருவதில்லை. அடுப்படியில் நிற்கும்போது வரும், பஸ்ஸில் போகும்போது வரும். "பிடிக்கலைன்னா பாக்காம விடட்டும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஸ்டேட்டஸைத் தொட்ட பிறகுதானே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது?

நேரில் பார்க்காதவர்களையும் இது விடாது. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பை ஒட்டி அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளிலும் காட்சிகளிலும் மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான மன உளைச்சல் இருந்தது.

இன்னொன்று. கார்களும் கப்பல்களும் வீடுகளும் ஒன்றாக அடித்துக்கொண்டு போகும் தெளிவான வீடியோ 'நாகை சுனாமி' என்று உங்களுக்கு வந்தால், அது பெரும்பாலும் 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் எடுத்தது. 2004-இல் யூடியூபே கிடையாது. நம் கடற்கரையில் அன்று வீடியோ எடுக்கும் போன் எத்தனை பேர் கையில் இருந்தது? பெரியவர்களைக் கேளுங்கள். கறுப்புத் தண்ணீர் பொங்கி ஏறியது என்பார்கள். அவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும்போதே நம் பிள்ளைகள் ஜப்பான்காரர்களின் துயரத்தை நம்முடையதென்று மனதில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஜூலை 16 வந்தால் கும்பகோணம் பள்ளித் தீ விபத்துக்கும் இதே கதி. 94 பிள்ளைகள். கருகிய உடல்களைத்தான் காட்ட வேண்டுமா? பெற்றவர்கள் வைத்திருக்கும் படங்களில் அந்தப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

குழு அட்மின்களே, டிசம்பர் 20-ஆம் தேதியே சொல்லிவிடுங்கள்: உடல்களின் படம் கூடாது, அலை வீடியோ கூடாது. வந்தால் உடனே நீக்குங்கள். சங்கடப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஆசிரியர்கள் பிரேயரில் அந்த வீடியோக்களைத் திரையிட வேண்டாம், உங்கள் வகுப்பில் யார் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. 'கடல் உள்வாங்கியது' என்று பழைய வீடியோவைப் புதிதுபோலச் சுற்றவிடுகிறவர்களுக்கு: ஹைதராபாத்தில் 2007-இலிருந்து சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. எச்சரிக்கையை அவர்கள் சொல்லட்டும்.

குடும்பத்தில் யாரையாவது இழந்தவர்கள் வாட்ஸ்அப் அமைப்புகளில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவையுங்கள். அந்த ஒரு வாரம் ஸ்டேட்டஸ் பக்கமே போகாதீர்கள். அம்மாவுக்குப் போனில் இதெல்லாம் செய்யத் தெரியாது, பிள்ளைகள்தான் செய்துகொடுக்க வேண்டும்.

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: டிசம்பரில் தூக்கம் வரவில்லை என்று வருகிறவரிடம், மாத்திரை எழுதும் முன் போனில் என்ன பார்த்தார் என்று கேளுங்கள். நானே பல வருடம் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

அஞ்சலி செலுத்தத்தான் வேண்டும் என்றால் பெயரைப் போடுங்கள். உயிரோடு இருந்தபோது எடுத்த படம் இருந்தால், வீட்டாரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அந்தப் பெண் இப்போது அக்காவைப் பற்றி அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்கு நண்டு பிடிக்குமாம், சடை பின்ன உட்காரவே மாட்டாளாம்.

ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் பேசுங்கள். டெலிமானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும்.